கூடையோடு வந்த ஒத்திகை

ஆங்கிலத்தில் மூன்று சொற்கள். சிங்களத்தில் யாரோ ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்கள். பலகையில் தமிழுக்கு விட்டிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையை நிரப்பித் தரும்படி என்னைக் கேட்டார்கள்.

நான் ஹட்டனில் இருந்துகொண்டு சுற்றறிக்கைகளையும், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற காகிதங்களையும், மின்சாரச் சாமான்களின் பாவனைக் குறிப்புகளையும் தமிழாக்கிப் பிழைப்பவன். இடையிடையே பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகளும் எழுதுவதுண்டு. இரண்டில் எது எது என்று சில வாசகர்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது.

பலகை, மண்சரிவு அபாயம் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அபாயச் சத்தம் கேட்டதும் மக்கள் வீட்டை விட்டு ஓடிப்போய்ச் சேரவேண்டிய பாதுகாப்பான இடத்தில் அதை நடவேண்டும். இரண்டு காலைப்பொழுதுகள் யோசித்தேன். மேசையில் அகராதிகள் விரிந்து கிடந்தன. கடைசியில் ஒரு தொடர் பிறந்தது: ‘அனர்த்தகால ஒன்றுகூடல் நிலையம்’. சொல்லிப் பார்த்தேன். வாய் நிறைந்தது. ஒரு நாடாளுமன்றத்துக்கே வைக்கலாம் போலிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஒன்றுகூடலா? எந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவருங்க?” என்றாள்.

“இது மண்சரிவுக்கு.”

“மண்ணு சரிஞ்சா யாராவது கூடுவாங்களாங்க? கலைஞ்சுல்ல ஓடுவாங்க.”

அவளுக்குச் சொல்லாட்சி போதாது என்று முடிவு செய்து அனுப்பிவைத்தேன்.

அந்த வேலையை நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. தோட்டம் உடப்புசல்லாவைப் பக்கம். நான் பிறந்தது அங்கேதான், தொழிலாளர் வரிசை வீடுகளில் கீழ் லயத்தில். என் அக்கா இன்னும் அதே லயத்தில், அதே காம்பராவில் இருக்கிறாள். லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மேடு. அதில் கையை நுழைக்கலாம் போல ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, கன மழை பெய்தால் இங்கே ஒரு ஆளும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதிர்த்த மலையில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சுவர் வந்துவிட்டது, கூரைதான் மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருந்தது. மழைக்காலமோ முடிவதாக இல்லை.

மழை கனத்தால் நான் அக்காவுக்கு போன் எடுப்பேன்.

“வெளியேறிட்டியாக்கா?”

“எதுக்கு வெளியேறணும்? பொறந்ததுல இருந்து நான் அந்த மேட்டப் பாக்குறேன், அது என்னையப் பாக்குது. நீ ஹட்டன்ல குடைய புடிச்சுக்கிட்டு நில்லு, போ.”

அவள் ஒருநாளும் வெளியேறியதில்லை. எச்சரிக்கை வந்த நாட்களில் பாதி லயம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும். மீதிப் பாதி அக்காவைப் பார்க்கும். அவள் அசையாவிட்டால் அவர்களும் அசையமாட்டார்கள். வடகிழக்கு மழை தொடங்கிவிட்டால் எனக்கு வேலை ஓடாது. ஜன்னலில் நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆகவே அந்தப் பலகையை நான் அரசாங்கத்துக்காக எழுதவில்லை. ஒரு ஆளுக்காக எழுதினேன்.

அப்படி இருந்தும் பிழை விட்டேன். அதுவும் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில்.

தோட்டத்துப் பெயர்களில் பாதி, இரண்டு சாதாரணச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக எதையோ சொல்பவை. பிள்ளைக் காம்பரா என்பதைப் பிரித்தால் பிள்ளையும் அறையும்தான் மிஞ்சும். ஆனால் தோட்டத்தில் அது, தாய்மார் கொழுந்து பறிக்கப் போயிருக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கட்டடம். இப்போது ஓடு போட்டு, பூச்செடி வைத்து, சுவரில் யானைப் படம் வரைந்து பெரிதாகக் கட்டினாலும் அது காம்பராதான். ‘அரைப்பேரு’ என்றால் பாதிப் பெயர் அல்ல. பாதி நாள் வேலை, அதற்கு விழுகிற பாதிச் சம்பளம். ஒரு முறை, ஏழாம் நம்பர் மலையில் ஒரு பெண்ணைக் குளவி கொட்டிய செய்தியை ஒரு பத்திரிகைக்கு எழுதினேன். மலை என்று நாங்கள் சொல்வது இலக்கமிட்ட தேயிலைத் துண்டு நிலத்தை. பத்திரிகையில் இருந்த ஒருவர் அதைச் செம்மைப்படுத்தி ‘ஏழாவது மலைச்சிகரத்தில்’ என்று போட்டுவிட்டார். மறுநாள் அந்தப் பெண்ணின் தைரியத்தைப் பாராட்டி இரண்டு கடிதங்கள் வந்தன.

சொல்லைப் பிரித்தால் பொருள் கிடைக்கும் என்பது இலக்கணம் படித்தவர்களின் நம்பிக்கை. தோட்டத்தில் ஒரு இடத்தின் பெயருக்குப் பொருள் வேறு விதமாக வரும். யார் அங்கே போவார்கள், எந்த நேரத்தில் போவார்கள், கையில் எதைக் கொண்டுபோவார்கள், யாரை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். இதைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். நல்ல கட்டுரை. பலகை எழுதுகிற அன்றைக்கு அதை எடுத்து வாசித்திருக்கலாம்.

வேலையைக் கொடுத்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்து குளிரோடு இன்னும் சமாதானமாகாதவர். காது மூடும் கம்பளித் தொப்பியைக் கூட்டங்களில்கூடக் கழற்றமாட்டார். என் தொடரை வாசித்ததும் “நல்ல வடிவாய் இருக்கு அண்ணை” என்றார். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் எனக்குப் பிடித்தது. தோட்டத்தில் கூட்டம் வைத்து அவரே விளக்கினார்: ஒத்திகை நடக்கும், ஸ்டோர்ச் சங்கு ஊதும், ஊதினதும் எல்லோரும் அனர்த்தகால ஒன்றுகூடல் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. மக்கள் தலையாட்டினார்கள். அது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையாம். பலகையைத்தான் நட்டாயிற்றே, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று அவர் மகிழ்ந்துபோனார்.

எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஒத்திகை ஒரு ஞாயிறு காலை. பலகை நட்டிருந்தது பள்ளிக்கூட மைதானத்தில். தோட்டத்திலேயே சமதரையான இடம் அது ஒன்றுதான். கீழே முழுப் பாறை. அங்கே அதிகாரியும் நானும் நின்றோம். தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. பிஸ்கட் பெட்டிகள் இருந்தன. அதிகாரி கையில் ஒலிபெருக்கி. என் தொடர் நீல எழுத்தில் பளபளத்தது. நான் அதன் பக்கத்தில் சற்றுத் தள்ளி, தற்செயலாக நிற்பவன் போல நின்றேன்.

சங்கு ஊதியது. காத்திருந்தோம்.

ஒரு நாய் வந்தது. பலகையை மோந்து பார்த்து, அதற்குத் தோன்றிய கருத்தைப் பதிவுசெய்துவிட்டுப் போனது. வேறு யாரும் வரவில்லை.

“மெதுவா வருவினம்” என்றார் அதிகாரி. பிறகு மைதானத்தின் ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

“அண்ணை, இஞ்சை ஒருக்கா வாங்கோ. ஏன் இவையள் கூடையோட நிக்கினம்?”

கீழே, லயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரட்டுக்களத்தில், சனம் அணிவகுத்து நின்றது. காலையில் வேலை பிரிப்பதற்காக ஆட்கள் கூடுகிற இடம் அது. பெண்கள் ஒரு பக்கம், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடையோடு. ஆண்கள் மறுபக்கம், மம்பட்டியும் கத்தியுமாக. நான் என் வாழ்நாளில் பார்த்த மிக ஒழுங்கான கூட்டம் அது. அவர்கள் தலைக்கு மேலேதான் அந்த மேடு.

அதிகாரி ஒலிபெருக்கியை வாயில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். நான் தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையில் இறங்கினேன். ஐம்பதைத் தாண்டிய முழங்கால்களுக்கு அந்தப் பாதை ஏற்றதல்ல. நான் இறங்கினேன் என்பதைவிட வந்து விழுந்தேன் என்பதே சரி.

தோட்டத்துத் தலைவர், தொழிற்சங்கத்தின் ஆள், முன்னால் வந்தார்.

“வாங்க சார். ஆளுங்க ரெடி. எந்த மலைக்கு அனுப்பணும்னு சொல்லுங்க.”

முன் வரிசையில் அக்கா நின்றாள். “தம்பி, அரைப்பேரா, முழுப்பேரா? அதச் சொல்லு மொதல்ல” என்றாள். பின் வரிசை சிரித்தது.

“அக்கா, இது வேலைக்கில்ல. மண்ணு சரிஞ்சா ஓடுறதுக்கு.”

“அதான் வந்திருக்கோம்ல. அள்ளுறதுக்கு ஆம்பளையாளுங்க மம்பட்டியோட வந்திருக்காங்க. நாங்க கூடையில சொமக்குறோம்.”

“அள்ளுறதுக்கில்லக்கா. ஓடுறதுக்கு.”

“ஓடுறதுக்கா சங்கு ஊதுனீங்க?” என்று தலைவர் கேட்டார். கேலியாக அல்ல; உண்மையாகவே கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேரங்கெட்ட நேரத்தில் ஸ்டோர்ச் சங்கு ஊதினால் அதற்கு அங்கே ஒரே அர்த்தம்தான். மானாப்புல்லில் தீ பிடித்திருக்கிறது, அல்லது ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, ஆள் வேண்டும். அனர்த்தகாலம் என்றால் அது வேலைக்கு அழைப்பு. ஆட்கள் கூடுகிற இடம் என்றால் அது பெரட்டுக்களம். தோட்டம் உண்டான காலத்திலிருந்து வேறு எந்த இடத்திலும் அவர்களைக் கூடச் சொன்னதில்லை. நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். சரியாகப் புரிந்துகொண்டு, மண் விழப்போகிற இடத்தில் வந்து வரிசையாக நின்றிருந்தார்கள்.

அதிகாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “இதுதானே விழுகிற இடம், இஞ்சை ஏன் நிக்கிறியள்?”

“கூடச் சொன்னீங்க, கூடிட்டோம்” என்றாள் அக்கா.

சிரிப்பு அடங்கியபோது எனக்கு ஒன்று தட்டியது. கூட்டத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

“மச்சான் எங்கக்கா?”

“வீட்டுலதான். அவரு எதுக்கு? அவருக்கு ஏது பேரு, ஓய்வு வாங்குன மனுசனுக்கு?”

சுற்றிலும் பார்த்தேன். கிழவர்கள் இல்லை. கைக்குழந்தைக்காரிகள் இல்லை. பள்ளிப்பிள்ளைகள் இல்லை. வேலைப் பதிவில் பேர் உள்ளவர்கள் மட்டும் பெரட்டுக்கு வந்திருந்தார்கள். பேர் இல்லாதவர்கள் எல்லோரும் மேட்டுக்கு இன்னும் கிட்டத்தில், லயத்துக்குள் பத்திரமாக விடப்பட்டிருந்தார்கள்.

லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். மச்சான் இஸ்தோப்பில், அதாவது லயத்து முன் தாழ்வாரத்தில், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், அவருக்கு ஒரு காலில் விரல்கள் போய்விட்டன. நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடிப்பார்.

“என்ன மாப்ள, பெரட்டுல என்னமோ விசேசமாம்?” என்றார்.

“மண்சரிவு மச்சான். ஒத்திகை.”

“அப்பிடியா. முடிஞ்சதும் சொல்லுங்க” என்று சொல்லி ரேடியோவைத் திருப்பினார்.

பெரட்டுக்களத்துக்கு நான் திரும்பி வந்தபோது பேச்சு சூடாகியிருந்தது. அதிகாரி கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் அவர் தலைமுடியைப் பார்த்தது அன்றுதான்.

“சரி, வேற பேர் ஒண்டும் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ எண்டே சொல்லுவம்.”

தலைவர் யோசித்தார். “பள்ளிக்கூடம்னா வீட்டுக்கு ஒரு ஆளு வருவாங்க சார். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பிடித்தானே.”

“அதுவும் நாங்கதான் வருவோம்” என்றாள் பின் வரிசையிலிருந்து ஒரு பெண். “ஆம்பளையாளுங்க எப்ப வந்தாங்க பள்ளிக்கூடத்துக்கு?”

ஆம்பளையாளுங்க மம்பட்டிகளின் கூர்மையைச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

நான் என் பைக்குள் இருந்த மற்றச் சரக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பாதுகாப்பு நிலையம் என்றேன். பொலிஸா என்றார்கள். புகலிடம் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அதை நானே மடித்து உள்ளே வைத்துவிட்டேன். தற்காலிக முகாம் என்றேன். அதற்கு அதிகாரிதான் சொன்னார், கையிலிருந்த தொப்பியைத் திருகிக்கொண்டு:

“முகாம் வேண்டாம் அண்ணை.”

அவர் எந்த முகாமை நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லை என் அகராதி ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அவருக்கு அப்படி முடியாது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். இப்போது நினைத்தாலும், என் இரண்டு காலைப்பொழுதுகளைவிட அந்த ஒரு கேள்வி பெரிது என்று தோன்றுகிறது.

“ஒண்டு சொல்லுங்கோ. லயத்திலை ஒருத்தரும் மிச்சமில்லாமல், கிழடு கட்டை, குஞ்சு குருமான் எல்லாம் வெளியிலை வந்த நாள் எண்டு ஏதும் இருக்கோ?”

“அது எப்பிடிங்க இருக்கும்?” என்றார் ஒருவர்.

“சாவு வீடு?”

“அதுக்கும் சின்னப் புள்ளைங்க வராது.”

“தேர்தல்?”

“அதுக்கு ஓட்டு உள்ளவங்கதான்.”

தலைவர் தலையைச் சொறிந்தார். “திருவிழாவுக்கு...” என்று தொடங்கினார். அதற்குள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

வருஷா வருஷம் கோயில் திருவிழாவில் சாமியைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகச் சுற்றி, கடைசியில் மேலே பள்ளிக்கூட மைதானத்தில் இறக்குவார்கள். மட்டமான தரை வேறு இல்லையே. அங்கேதான் அன்னதானம். அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற பழக்கமும் கிடையாது. சாமி முன்னால் வந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சாப்பாடு. ஆகவே நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தை வரும். கிறிஸ்தவர்களான வேதக்கார வீடுகள் மூன்று இருக்கின்றன, அவர்களும் வருவார்கள். ஸ்டோரில் மின்சார வேலை பார்க்கிற சிங்கள வீட்டுக்காரர்கள், இதுவும் எங்கள் வெசாக் தன்சல் போல இலவசச் சாப்பாடுதான் என்று சொல்லிக்கொண்டு முதல் பந்தியிலேயே உட்காருவார்கள். சாமி மேலே ஏறும்போது கோயில் மணி விடாமல் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டுக் கையில் கூடையோடு யாரும் கிளம்பியதில்லை.

“மச்சானையும் தூக்கிட்டுப் போவாங்களா?” என்று கேட்டேன். நான் ஹட்டனுக்குப் போன பிறகு திருவிழாவுக்கு வந்த வருஷங்களை எண்ண ஒரு கை போதும்.

“அவர இல்லாம பந்தி தொடங்குமா? ஊறுகாய் பங்கு வைக்கிறது அவருதான்” என்றாள் அக்கா.

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. உடனே சுருங்கவும் செய்தது. “அரசாங்கப் பலகையிலை அன்னதான இடம் எண்டு எழுதேலாது அண்ணை. மேலை கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

“பலகை இருக்கட்டும் சார்” என்றார் தலைவர் பெருந்தன்மையாக. “சாரு கஷ்டப்பட்டு எழுதியிருக்காரு. அது பாட்டுக்கு அங்க இருக்கட்டும்.”

பத்திரிகை விமர்சகர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இவ்வளவு அன்பாக யாரும் அடித்ததில்லை.

முடிவாக இப்படி ஒப்பந்தமானது. சங்கு வேண்டாம், கோயில் மணி. ஒன்றுகூடல் நிலையம் என்று பலகையில் இருக்கும். வாயில் அன்னதான இடம். எச்சரிக்கைச் செய்தி வந்தால் அதிகாரி தலைவருக்கு போன் எடுப்பார், தலைவர் மணி அடிக்க ஆள் அனுப்புவார். எல்லோரும் கலையப் போகும்போது அக்கா மட்டும் நகரவில்லை.

“மணி அடிச்சுக் கூப்புட்டுட்டு சோறு போடாம அனுப்புவீங்களா?”

“பிஸ்கட் இருக்கு அம்மா” என்றார் அதிகாரி.

“பிஸ்கட்டுக்கு யாருங்க மலையேறுவாங்க? ஒரு தடவ ஏமாந்தா அடுத்த தடவ மணி அடிச்சாலும் எங்க ஆளுங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பலகை இருக்கும் திசையைப் பார்த்தேன்.

“அரிசி, பருப்பு, பெரிய குண்டான் எல்லாம் அங்கேயே வச்சிருக்கிறதுக்குப் பள்ளிக்கூட அதிபர்கிட்டக் கேளுங்க” என்றார் தலைவர். “வெறகு நாங்க பாத்துக்கிறோம். சமைக்கிறது...”

அவர் முடிக்காமல் அக்காவைப் பார்த்தார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். திருவிழாவில் சோற்றுக் கரண்டி அவள் கையில்தான் இருக்கும்; எனக்கு விவரம் தெரிந்த காலத்திலிருந்து அதை அவள் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. வேறு யாராவது பரிமாறினால் பின் பந்திக்குப் பத்தாமல் போய்விடும் என்பது அவளுடைய அசைக்கமுடியாத கொள்கை.

அக்கா கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றினாள். நிதானமாகச் சுருட்டினாள்.

“அப்ப நானும்தான் வரணும் போல” என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மேட்டைப் பார்த்தாள்.

நான் குனிந்து அவளுடைய கூடையைத் தூக்கிக்கொண்டேன். ஏதும் சொன்னால் அவள் மனதை மாற்றிக்கொள்ளக்கூடும் என்ற பயம் எனக்கு.

மழை அந்த வருஷம் விட்டு விட்டுப் பெய்தது. எதிர்த்த மலையில் ஒரு வரிசை வீடுகளுக்குக் கூரை ஏறியது என்று மச்சான் சொன்னார். எந்த வீடு யாருக்கு என்ற சண்டை அதற்குள் தொடங்கியிருந்தது. அது நல்ல அறிகுறி. கட்டி முடியாது என்று நினைக்கிற வீட்டுக்காக ஒருவரும் சண்டை போடமாட்டார்கள்.

பிறகு ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு கொட்டத் தொடங்கியது. ஹட்டனிலேயே சாக்கடை நிரம்பி ரோட்டுக்கு ஏறிவிட்டது. நான் ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் பாவனைக் குறிப்பில் இருந்தேன். அதிகாரியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: அந்தப் பக்கத்துக்கு எச்சரிக்கை விட்டாயிற்று, தலைவருக்குச் சொல்லியாயிற்று. அக்காவுக்கு எடுத்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. மச்சானுக்கு எடுத்தேன். அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அக்கா. மறுபடி மச்சான். தலைவரின் எண் பேச்சில் இருந்தது, இருந்துகொண்டே இருந்தது.

துவைக்கும் இயந்திரத்தில் ‘அளவுக்கு மேல் சுமை ஏற்ற வேண்டாம்’ என்கிற வரியை நான்கு விதமாக எழுதி நான்கையும் அழித்தேன்.

“எடுக்காட்டி நல்லதுதாங்க” என்றாள் மனைவி. “வீட்டுல இருந்தா எடுத்திருப்பாங்கல்ல.”

“எடுக்க முடியாத மாதிரி இருந்தா?”

அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். தேத்தண்ணி ஆறியது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் போன் அடித்தது. மச்சான்.

“மாப்ள, என்னைய எப்பிடித் தூக்கிட்டு வந்தாங்கன்னு நினைக்கிறீங்க?” என்றார் எடுத்த எடுப்பில். “கதிரையில ரெண்டு மூங்கிலக் கட்டி. சாமிய மாதிரி. மழை படாம மேல ஒரு படங்குத் துணி வேற புடிச்சாங்க. வழியில ரெண்டு பேரு கும்புட்டாங்க மாப்ள, வெளையாட்டுக்குத்தான்.”

“எங்க இருக்கீங்க இப்ப?”

“அன்னதான இடத்துலதான். பள்ளிக்கூடத்துக்குள்ள. வேற எங்க?”

மனைவி போனை என் கையிலிருந்து வாங்கி, சத்தம் வெளியே கேட்கும்படி போட்டு மேசையில் வைத்தாள்.

“எல்லாரும் வந்துட்டாங்களாண்ணே?” என்று கேட்டாள்.

“கீழ் லயத்துல ஒரு பூனைகூட இல்லம்மா. மின்சாரக்காரரு வீட்டுல கோழியையும் கூண்டோட கொண்டாந்துட்டாங்க. இந்தா, அக்காகிட்டப் பேசுங்க.”

அக்காவின் குரலில் கோபம் இருந்தது. “என்னா உன் ஆபிசரு. அரிசி இருக்கு, பருப்பு இருக்கு, உப்ப மறந்துட்டாங்க. வீட்டு அடுப்புல பாதி வெந்த சோத்த எறக்கிட்டு வந்தேன் நான். உப்புக்கு ஒருத்தன இந்த மழையில எங்க அனுப்புறது?”

“மேடு எப்படிக்கா இருக்கு?”

“அங்கனதான் இருக்கு. லேசா மண்ணு உதிருதுன்னு சொல்றாங்க. விடிஞ்சா போய்ப் பாப்பாங்க.” பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம், பாத்திரம் இடிபடும் சத்தம். “இருந்துட்டுப் போவுது. இனிமே அது தனியா இருந்து பாக்கட்டும்.”

“அக்கா...”

“சரி வையி, பந்தி ஒக்காந்திருச்சு.”

வைக்கச் சொன்னாளே தவிர அவள் வைக்கவில்லை. போனை எங்கேயோ ஒரு மேசை ஓரத்தில் போட்டிருக்க வேண்டும். மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தையைப் பெயர் சொல்லித் தேடினார்கள்; அது பக்கத்திலேயே பதில் சொன்னது. மச்சான் ஊறுகாய் இல்லாததைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார். ஒரு ஆண் குரல் சோற்றில் உப்பே இல்லை என்றது. பேசாம சாப்பிடுங்க, பின்னால ஆளு நிக்குது என்றாள் அக்கா.

நானும் மனைவியும் போனைத் தொடவில்லை. மச்சானின் போன் பேட்டரி தீரும்வரை அப்படியே விட்டிருந்தோம்.